வான்கோழித் துப்பாக்கிக்கு ஃபைபர் சைட்: தேர்வும் பொருத்தலும்

பறக்கும் வாத்தையும் புறாவையும் சுடுகிறவர்களுக்கு ஷாட்கன்னில் (ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகளைச் சுடும் துப்பாக்கி) சைட், அதாவது குறிபார்க்கும் உறுப்பு, என்று தனியாக ஒன்று தேவையில்லை. கண் பறவையின் மேல் இருக்கும், துப்பாக்கி கூடவே ஓடும். குழல் முனையில் இருக்கும் சின்னப் பித்தளை மணியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தால் கை நின்றுவிடும், பறவை முந்திவிடும். வான்கோழி வேட்டை வேறு மாதிரி. நாம் மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கால் மேல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பறவை தரையில் நடந்து வருகிறது. நிற்கும்போது தலையிலும் கழுத்திலும் சுட வேண்டும். ஷாட்கன்னை வைத்துக்கொண்டு ரைஃபிள்காரன் வேலையைச் செய்கிறோம்.

வான்கோழி என்றதும் கிறிஸ்துமஸுக்கு விற்கும் பண்ணைக்கோழி நினைவுக்கு வந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். இங்கே அமெரிக்காவின் பென்சில்வேனியா மலைக்காடுகளில் இருப்பது கிழக்கத்திய காட்டு வான்கோழி. ராத்திரி உயர்ந்த மரக்கிளையில் தூங்கும், நன்றாகவே பறக்கும், வளர்ந்த சேவல் எட்டு ஒன்பது கிலோ இருக்கும். வசந்தகால சீசனில் மார்பில் முடிக்கற்றை போலத் தாடி தொங்கும் பறவையை மட்டும்தான் சுடலாம். பதுங்கிப் பின்தொடர்ந்து போய்ச் சுடுவது சட்டப்படி குற்றம்; பெட்டைக்கோழி மாதிரிக் கூப்பிட்டு வரவைக்க வேண்டும். அது வருகிற வேகத்தில்தான் வரும். அதுவரை துப்பாக்கியின் பின்கட்டை தோளிலும் கன்னம் கட்டையிலுமாக உட்கார்ந்திருப்போம். சைட் விஷயமே இங்கேதான் தொடங்குகிறது.

பித்தளை மணி மட்டும் உள்ள துப்பாக்கியில் பின் சைட் எது? நம் கண்தான். கன்னம் கட்டையில் எப்போதும் ஒரே இடத்தில் பதிந்தால் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும். ஆனால் நெடுநேரம் உட்கார்ந்து கழுத்து வலிக்கிறது, புதருக்கு அந்தப் பக்கம் சேவல் நிற்கிறது, அதை முழுதாகப் பார்க்கத் தலை தானாக மேலே எழும்பும். கண்ணுக்கும் மணிக்கும் இடையில் 36 அங்குலம் என்று வையுங்கள். கன்னம் 3 மி.மீ. எழும்பினால் 40 கஜத்தில் ஏறக்குறைய 5 அங்குலம் மேலே போகும். 6 மி.மீ. எழும்பினால் தலைக்கு மேலே காற்றைத்தான் சுடுவோம்.

வான்கோழிக்கென்று போடும் சோக் (குழல் முனையைக் குறுக்கும் சிறு குழாய்) மிகவும் இறுக்கமானது. 12 கேஜ் குழலின் உள்விட்டம் 0.729 அங்குலம், வான்கோழி சோக்குகள் அதை 0.670க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நெருக்கிவிடும். 40 கஜத்திலும் பால்ரஸ் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) சிதறாமல் போக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அதன் மறுபக்கம், 15, 20 கஜத்தில் அடர்த்தியான பகுதி ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். கிட்டே வந்த பறவையைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள்.

எனவே கடையில் சைட் பார்க்கும்போது என் கேள்வி ஒன்றுதான்: இது என் கன்னத்தைக் கீழே பிடித்து வைக்குமா? எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்பது அதற்கு அப்புறம். விளம்பரங்களில் பிரகாசம்தான் முதலில் வரும், அது அவர்கள் வியாபாரம்.

ஃபைபர் என்பது மின்கலமோ பல்போ இல்லாத வெறும் பிளாஸ்டிக் கம்பி. உள்ளே ஒளிர்சாயம் கலந்த பாலிஸ்டைரீன், வெளியே மெல்லிய அக்ரிலிக் உறை. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தைச் சாயம் உறிஞ்சித் தன் நிறத்தில் திருப்பி உமிழும். உட்பகுதியின் ஒளிவிலகல் எண் 1.59, உறையுடையது 1.49. அந்த வித்தியாசத்தால் ஒளியின் ஒரு பங்கு வெளியே தப்ப முடியாமல், பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பில் மாட்டி இரண்டு முனைகளுக்கும் ஓடும். நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவது பின்முனை. பக்கவாட்டில் வாங்கும் வெளிச்சம்தான் கணக்கு என்பதால், கம்பியின் நீளம் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்று பாருங்கள். தடித்த கம்பியைக் குட்டையாக வெட்டி உலோகக் கூட்டுக்குள் புதைத்துவைத்தவை கடை விளக்கில் ஜொலிக்கும், காட்டு நிழலில் மங்கிவிடும். கடைக்கு வெளியே, சுவர் நிழலில் நின்று பார்க்கக் கேளுங்கள்; பெரும்பாலும் அனுமதிப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் சைட்டைத்தான் சொல்கிறேன், துப்பாக்கியை அல்ல.

இன்னொரு முனையையும் மறக்க வேண்டாம். ஒளி முன்பக்கமாகவும் வெளியே போகும். வான்கோழிக்கு நிறம் நன்றாகத் தெரியும், தலையைத் திருப்பாமலே சுற்றிலும் பெரும்பகுதியைப் பார்க்கும். குழல் முனையில் பச்சைப் பொட்டு ஒன்று அதன் முகத்தைப் பார்த்து மின்னுவதில் எனக்கு விருப்பமில்லை. முன்முனையை உலோகம் மூடியிருக்கும் வடிவத்தைத்தான் எடுத்தேன்.

புள்ளியின் அளவுக்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1.5 மி.மீ. கம்பி கண்ணிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருந்தால், 40 கஜத்தில் அது 6 செ.மீ. அகலத்தை மறைக்கும். சேவலின் தலை அகலமும் கிட்டத்தட்ட அதுதான். பழைய பெரிய மணிகள் 4.5 மி.மீ. இருக்கும், அவை 18 செ.மீ.யை மறைத்துவிடும், தலை எங்கே என்றே தெரியாது. ஒரு மி.மீ. கம்பி இன்னும் துல்லியம்தான், ஆனால் விடியற்காலையில் என் கண்ணுக்குப் போதவில்லை. ஐம்பதைத் தொடும் கண்ணுக்கு 1.5 சரி.

நிறத்தைப் பற்றி முடிவில்லாமல் சண்டை போடுகிறார்கள். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் பக்கம், அதாவது பச்சையில் உச்சம். வெளிச்சம் குறையக் குறைய அந்த உச்சம் 507 பக்கம், நீலத்தை நோக்கி நகரும். சிவப்புதான் முதலில் கறுத்துப் போகும். சூரியன் உதிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே சுட அனுமதி தொடங்கிவிடுவதால் இது ஏட்டு விஷயமல்ல. அதோடு கூவிக்கொண்டு வரும் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். சிவப்புப் புள்ளியைச் சிவப்புக் கழுத்தில் வைத்தால் எது எது என்று கண் ஒரு கணம் தடுமாறும். (இதே காரணத்துக்காகத்தான் அந்த மூன்று நிறத்திலும் துணி, கைக்குட்டை எதுவும் காட்டுக்குள் எடுத்துப் போகாதே என்று வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்.) மே கடைசியில் இலை அடர்ந்த பிறகு பச்சைப் புள்ளி பச்சையில் கரைந்துவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. ஓரளவு உண்மை. ஆனால் சுடும் கணத்தில் புள்ளி இருக்க வேண்டிய இடம் இலை மேல் அல்ல. முன் சைட்டில் ஒரு பச்சைப் புள்ளி, பின் சைட்டில் இரண்டு சிவப்பு என்று முடிவு செய்தேன். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் இரண்டையும் ஒரே மஞ்சள் மங்கலாகப் பார்ப்பார்கள். அவர்கள் நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தை, உதாரணமாகப் பின்னால் ஃபைபரே இல்லாத கறுப்பு வெட்டுப் பள்ளத்தை, நம்புவது நல்லது.

டிரிடியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த சைட்டும் இருக்கிறது. கும்மிருட்டிலும் ஒளிரும், அரை ஆயுள் 12.3 வருடம், விலை கூடுதல். நான் வாங்கவில்லை. ஃபைபர் தெரியாத அளவுக்கு இருட்டாக இருந்தால் மார்பில் தாடி இருக்கிறதா என்பதும் தெரியாது. அப்போது சுடவே கூடாது.

சரி, வகைகள். பித்தளை மணியைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் திருகும் ஒற்றை முன் ஃபைபர்தான் மலிவு. ரிப்பின் (குழலின் மேல் நீளவாக்கில் ஓடும் உலோகப் பட்டை) மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. 3 அங்குல வான்கோழித் தோட்டாவின் உதைக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த இரண்டிலும் பின் சைட் கிடையாது. புள்ளி பிரகாசமாகத் தெரிவதால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், கன்னம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லப்போவதில்லை. பிறகு முன்னும் பின்னும் உள்ள ஜோடி, பின் சைட்டை மேல் கீழ், இடம் வலம் நகர்த்தலாம். கன்னம் எழும்பினால் முன் புள்ளி பின் புள்ளிகளுக்கு மேலே ஏறித் தனியாக நிற்கும், உடனே தெரிந்துவிடும். கடைசியாக ரிசீவர் (குழல் பொருந்தும் நடு உடல்) மேல் ஏற்றும் ரெட் டாட், கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட். இப்போது நிறையப் பேர் அதற்குத்தான் போகிறார்கள். நல்ல பொருள், தலை கொஞ்சம் தவறினாலும் மன்னிக்கும். ஆனால் மின்கலம், மழையில் கண்ணாடி, ஜோடி ஃபைபரைவிடப் பல மடங்கு விலை. எனக்கு ஜோடிதான்.

என் துப்பாக்கி மாஸ்பெர்க் 500, 12 கேஜ், 24 அங்குலக் குழல், மேலே காற்றுத் துளையுள்ள ரிப். வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ரிப்பின் அகலம். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் கால் அங்குலம் (6.35 மி.மீ.), 5/16 (7.94), 3/8 (9.53) என்ற அளவுகளுக்கு. ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், வெர்னியர் வேண்டும். ரிப்பின் முன்னாலும் நடுவிலும் பின்னாலும் அளந்து பாருங்கள், சில குழல்களில் அகலம் மாறிக்கொண்டே போகும். என்னுடையது எல்லா இடத்திலும் கால் அங்குலம்.

இரண்டாவது, மணி உட்கார்ந்திருக்கும் ஓட்டையின் மரை. 3-56, 5-40, 6-48, 2.6 மி.மீ., 3 மி.மீ. என்று பல. முதல் எண் திருகின் தடிமன் எண், இரண்டாவது ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்பது. 3-56இன் விட்டம் 2.5 மி.மீ.; 2.6 மி.மீ. திருகுக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. ஒன்றின் ஓட்டையில் மற்றதைத் திருகினால் ஒரு சுற்று போகும், அரைச் சுற்று இறுகும், அதற்கு மேல் அழுத்தினால் மரை நாசம். கழற்றிய பழைய மணியின் திருகைப் புதுத் திருகோடு பக்கத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பல்லோடு பல் சேர்த்துப் பாருங்கள். ஒரு பல் கூடத் தள்ளி நிற்கக் கூடாது. என் குழலில் இருந்தது 5-40.

வேலையைத் தொடங்குமுன் தோட்டா எல்லாவற்றையும் வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் விரல் விட்டுத் தடவி, தோட்டாக்களை அடுக்கும் மேகஸீன் குழாயிலும் எட்டிப் பார்த்து, அப்புறம் முன்பிடியைப் பாதியில் நிறுத்தி, மேகஸீன் நுனித் திருகைக் கழற்றிக் குழலை உருவினேன். தனிக்குழலாக வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் பாதுகாப்பு, சௌகரியமும்கூட. சோக்கையும் கழற்றி வைத்துவிடுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

மணியைத் தோல் துண்டு சுற்றிய பிளையரால் பிடித்து இடப்பக்கம் திருப்ப வேண்டும். இறுகிப்போயிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம், மணி மட்டும் ஒடிந்து திருகு உள்ளேயே தங்கிவிடும். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விட்டு, பிறகு சால்டரிங் அயர்ன் முனையை மணியில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கினேன். பழைய பசை இளகி, அமைதியாகக் கழன்று வந்தது. ஓட்டையைப் பல்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன்.

புது முன் சைட்டைப் பசை இல்லாமல் ஒருமுறை கையால் திருகிப் பார்த்துவிட்டு, குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். திருகு நீளமாக இருந்தால் அதன் நுனி சோக் உட்காரும் இடத்துக்குள் எட்டிப் பார்க்கக்கூடும். சோக்கை மறுபடி கையாலே திருகிப் பாருங்கள். எங்கேயும் தட்டாமல் கடைசி வரை போக வேண்டும். தட்டினால் திருகின் நுனியை அரத்தால் தேய்த்துக் குறைக்க வேண்டியதுதான். இதைச் சோதிக்காமல் சுடுவது விளையாட்டல்ல.

மரைப் பசை நீல நிறம்தான், அதுவும் குண்டூசி முனையில் எடுத்த அளவு. சிவப்புப் பசை போட்டால் பிறகு கழற்ற நெருப்பு வேண்டும், நெருப்புப் பக்கம் ஃபைபர் நிற்காது. இந்தப் பசைகள் பிளாஸ்டிக்கில் வெடிப்பு உண்டாக்கும் என்பதால், திருகின் அடியில் மட்டும் தொட்டு, மேலே கசிந்ததை உடனே துடைத்தேன். சைட் நேராக நின்றதும் நிறுத்திவிட்டேன்.

பின் சைட்டை ரிப்பின் இரு ஓரங்களையும் கவ்விப் பிடிக்கும் வகையில் செய்திருக்கிறார்கள். அதை ரிப்பின் பின்கோடியில், கீழே தூண் தாங்கும் இடத்தில் வைக்க வேண்டும். தூணுக்கு நடுவே காற்றுத் துளைக்கு மேல் வைத்து இறுக்கினால் மெல்லிய ரிப் நெளியலாம். கீறல் விழாமல் இருக்கக் கீழே டேப் ஒட்டச் சொல்கிறார்கள். நான் ஒட்டவில்லை. டேப் அமுங்கும், உதைக்கு உதை சைட் ஊர்ந்து போகும். கீறல் இருந்துவிட்டுப் போகட்டும்.

முன்னும் பின்னும் இரண்டுமே குழலின் மேல் இருப்பதில் ஒரு வசதி உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. குழலை மட்டும் இரண்டு சுருட்டிய துண்டுகளின் மேல் அசையாமல் வைத்து, பின்பக்க ஓட்டை வழியே தூரத்தில் ஒரு கூரைப் புகைபோக்கியின் செங்கலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு தலையைத் தூக்கிச் சைட் வழியே பாருங்கள். புள்ளி வேறெங்கோ நின்றால் அங்கேயே முதல் திருத்தத்தைச் செய்துவிடலாம், ஒரு தோட்டாவும் செலவில்லை. ரிசீவர் மேல் உள்ள சைட்டில் இது நடக்காது. அதோடு குழலைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அங்கே குறி சற்று நகர வாய்ப்பிருக்கிறது.

அடுத்தது ரேஞ்ச். முதலில் 20 கஜத்தில், உதை குறைந்த சாதாரணத் தோட்டாவில். வான்கோழித் தோட்டா விலையும் அதிகம், தோள் வலியும் அதிகம். காகிதத்தில் விழ ஆரம்பித்த பிறகுதான் அசல் தோட்டா: 3 அங்குலம், ஒன்றே முக்கால் அவுன்ஸ் ஈயம், 5ஆம் எண் குண்டு. ஓர் அவுன்ஸுக்கு 170 குண்டு வீதம் உள்ளே முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. எண் குறையக் குறையக் குண்டு பெரிது; பென்சில்வேனியாவில் ஈயத்தில் 4ஆம் எண்ணைவிடப் பெரிய குண்டு போடக் கூடாது. டங்ஸ்டன் குண்டு இப்போது பிரபலம், அடர்த்தி ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அதற்கு மாறினால் சைட்டை முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும். தோட்டா மாறினால் பால்ரஸ் போய் விழும் இடமும் மாறும்.

30 கஜத்தில் பெரிய பழுப்புக் காகிதம், நடுவில் சின்ன கறுப்புப் பொட்டு. சுட்ட பிறகு பொட்டை மறந்துவிட்டு, எங்கே அடர்த்தி அதிகமோ அங்கே 10 அங்குல வட்டம் வரைந்தேன். வட்டத்தின் மையம் பொட்டுக்கு இடப்பக்கம் 4 அங்குலம், மேலே 5 அங்குலம். நகர்த்த வேண்டிய அளவு எளிய கணக்கு: பிழையை முன் பின் சைட்டுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். எனக்கு இடைத்தூரம் 20 அங்குலம், இலக்கு 1,080 அங்குலம். ஆக வலப்பக்கம் 1.9 மி.மீ., கீழே 2.4 மி.மீ. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். முன் சைட்டைத் தொடுவதாக இருந்தால் நேர் எதிர்.

வலம் சரியாகிவிட்டது. கீழே இறக்குவதில்தான் சிக்கல், பின் சைட் அடிமட்டத்தைத் தொட்டும் இன்னும் ஓர் அங்குலம் போல மேலேதான் விழுந்தது. உயரமான முன் சைட் வாங்கினால் தீரும். பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற லேத் மெக்கானிக், ஒன்று கடைந்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். புள்ளியை வைப்பது கழுத்தில் இறகு முடிந்து தோல் தொடங்கும் இடத்தில். அங்கிருந்து ஓர் அங்குலம் மேலே போனால் கழுத்தின் நடு. பறவை தலையை இழுத்துக்கொண்டாலும் கழுத்து அங்கேதான் இருக்கும். அந்தப் பிழை எனக்குச் சாதகம்.

பிறகு 40 கஜம். 10 அங்குல வட்டத்துக்குள் 100 குண்டு என்பது வான்கோழிக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் அளவுகோல். அதைத் தாண்டியது, கூட்டமும் நடுவில் இருந்தது. 15 கஜத்திலும் ஒன்று சுட்டுப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். காகிதத்தில் கிழிந்த அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்தால் கன்னத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசினேன் என்று புரியும். சைட் ஏறிய உயரத்துக்குக் கட்டை தாழ்வாக இருந்ததால், கன்னம் படும் இடத்தில் ஒட்டும் ஃபோம் பட்டை ஒன்று சேர்த்தேன். இல்லாவிட்டால் தாடையை வைத்துக்கொண்டு குறிபார்க்க வேண்டியிருக்கும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது ரசாயனம். பாலிஸ்டைரீன் அசிட்டோனில் கரையும், பிரேக் கிளீனரில் வெளுத்து நொறுங்கும். குழல் சுத்தம் செய்யும் கரைப்பானைச் சைட் பக்கம் விடாதீர்கள். அதைவிட மோசமானது கொசு மருந்து. டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கைத் தின்னும். மே மாதக் காட்டில் உண்ணிக்கும் கொசுவுக்கும் பயந்து கையில் அதைத் தடவிக்கொண்டு அதே விரலால் ஃபைபரைத் துடைப்பது சர்வசாதாரணமாக நடக்கும். துணிக்குப் பெர்மெத்ரின் அடித்துக் காயவைத்துவிட்டால் கைக்கு மருந்து குறைவாகத்தான் தேவைப்படும். ஃபைபருக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

கம்பி ஒடிந்தால் சைட்டையே மாற்ற வேண்டியதில்லை. அதே தடிமனுள்ள ஒளிர் ஃபைபர் துண்டு துண்டாகத் தனியே கிடைக்கிறது. கூட்டின் நீளத்தைவிட இரு பக்கமும் ஒரு மி.மீ. கூடுதலாகக் கூரான பிளேடால் வெட்டிச் செருகுங்கள். லைட்டர் தீயை முனைக்குப் பக்கத்தில், தொடாமல், கொண்டுபோனால் பிளாஸ்டிக் இளகி ஆணித்தலை போலப் பரந்து கூட்டில் மாட்டிக்கொள்ளும். தீ பட்டால் கருகி, ஒளி வெளிவராது. கருகியதை வெட்டி எறிந்துவிட்டு வேறு துண்டு போடுங்கள். இதையும் குழலைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

ரிப் இல்லாத வெறும் குழல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவ்வும் வகை எதுவும் உட்காராது. ரிசீவரில் ஏற்கெனவே மரைத்துளை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், மாஸ்பெர்க் 500இல் பல வருடங்களாகவே அப்படித்தான் வருகிறது. அப்படியென்றால் அங்கே ஒரு தளம் போட்டு ரெட் டாட் ஏற்றுவதுதான் குறைந்த தலைவலி. குழலில் புதிதாகத் துளை போட நினைத்தால் அதைக் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி வேலை செய்பவர்) விட்டுவிடுங்கள்.